சித்தூர் கோர்ட்டில் தொடங்கினால் டெல்லி எட்டுமா?

2014 ஆகஸ்ட் 13 அன்று உச்ச நீதிமன்றத்தில் நான்கு பேர் நீதிபதிகளாகப் பதவியேற்றார்கள். அவர்களில் ஆர். பானுமதி 26 ஆண்டுகளாக நீதிபதி. யு.யு. லலித் பெரிய வழக்கறிஞர், ஆனால் அதுவரை ஒரு நாள்கூட நீதிபதி ஆசனத்தில் உட்கார்ந்தவரில்லை. பணிமூப்பு வரிசையில் பானுமதிதான் லலித்துக்கு முன்னால். இருந்தும் 2022 ஆகஸ்டில் இந்தியாவின் தலைமை நீதிபதி ஆனவர் லலித். பானுமதி அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஓய்வுபெற்றுப் போய்விட்டார். காரணம் திறமையும் அல்ல, தீர்ப்புகளும் அல்ல. அவர் பிறந்தது 1955 ஜூலையில், லலித் பிறந்தது 1957 நவம்பரில். அவ்வளவுதான்.

திருப்பதியில் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்திலும் எஸ்.வி. பல்கலைக்கழகத்திலும் சட்டம் படித்துவிட்டுக் கறுப்பு கோட்டோடு கோர்ட்டுக்கு வரும் பெண்கள் இந்தக் கணக்கை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு ஓய்வு வயது 65, உயர் நீதிமன்ற நீதிபதிக்கு 62. உச்ச நீதிமன்றத்தில் யார் முதலில் பதவியேற்றாரோ, அவர் அப்போது பணியில் இருந்தால், அவரே அடுத்த தலைமை நீதிபதி என்பது மரபு. ஆகவே டெல்லிக்கு எந்த வயதில் போகிறோம் என்பதே பாதியைத் தீர்மானித்துவிடுகிறது.

பானுமதியின் ஊர் ஊத்தங்கரைப் பக்கம். 1981இல் வழக்கறிஞராகப் பதிவு செய்து, திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, அரூர் என்று சின்ன ஊர் கோர்ட்டுகளில் வழக்கு நடத்தினார். 1988இல் நேரடித் தேர்வில் மாவட்ட நீதிபதி. அப்போது வயது 33. அதன்பின் கோவை, மதுரை, சேலம், திருநெல்வேலி என்று மாவட்டம் மாவட்டமாக மாற்றல். சித்தூரில் பஸ் ஏறினால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடும் வேலூரும் அந்தப் பட்டியலில் உண்டு. புதுக்கோட்டையில் இருந்தபோது, 1997இல், திருச்சி அருகே ஆசிரமம் நடத்திய பிரேமானந்தாவுக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். சாமியாருக்கு எதிராக ஆசிரமத்துப் பெண்கள் சாட்சி சொன்ன வழக்கு அது. 2003இல் சென்னை உயர் நீதிமன்றம். 2006இல் மதுரைக் கிளையில் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தபோது தென்மாவட்டங்கள் கொதித்தன. அடுத்த ஆண்டே இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நீக்கியது. 2013இல் ஜார்க்கண்ட் தலைமை நீதிபதி, மறு ஆண்டு டெல்லி.

நிர்பயா வழக்கில் 2017இல் மூன்று நீதிபதிகள் தூக்கை உறுதி செய்தபோது, அவர் தனியாகவும் ஒரு தீர்ப்பு எழுதினார். 2020 மார்ச் 20 விடியற்காலை குற்றவாளிகளின் கடைசி மனுவைக் கேட்டுத் தள்ளுபடி செய்த அமர்வுக்கும் அவரே தலைமை. ஆனால் எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது அவர் விடைபெறும்போது சொன்ன ஒரு செய்தி. அவருக்கு இரண்டு வயதாக இருந்தபோது தந்தை பஸ் விபத்தில் இறந்துபோனார். தாய் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார், டிக்ரியும் கிடைத்தது. பணம் மட்டும் கைக்கு வரவில்லை. நடைமுறைச் சிக்கல் ஒரு பக்கம், எடுத்துச் சொல்ல ஆளில்லாதது ஒரு பக்கம். கோர்ட் தாமதத்தால் அடிபட்ட குடும்பம் தன்னுடையது என்று உச்ச நீதிமன்ற நீதிபதியே சொன்னார்.

இனி, பெண்கள் நீதிபதி ஆசனத்துக்கு வந்த கணக்கில் இங்கிலாந்தோடு நம்மை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே உயர் நீதிமன்றத்துக்கு முதல் பெண் நீதிபதியாக எலிசபெத் லேன் வந்தது 1965இல். கேரள உயர் நீதிமன்றத்தில் அன்னா சாண்டி 1959லேயே உட்கார்ந்துவிட்டார். அவர் திருவிதாங்கூரில் முன்சீப்பாகத் தொடங்கியது 1937. உச்ச நீதிமன்றத்துக்கு ஃபாத்திமா பீவி 1989இல் வந்தார். லண்டனில் அதற்கு நிகரான பிரபுக்கள் சபை ஆசனத்தில் பிரெண்டா ஹேல் அமர 2004 ஆயிற்று. ஆந்திர உயர் நீதிமன்றமும் 1978இல் அமரேஸ்வரியை நியமித்தது. எல்லாவற்றிலும் நாம் முந்தி. உச்சியில் மட்டும் பிந்தி. ஹேல் 2017இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத் தலைவரானார். 2023 அக்டோபரில் சூ கார் இங்கிலாந்து மற்றும் வேல்ஸின் முதல் பெண் தலைமை நீதிபதியானார். அங்கே பணிமூப்பு வரிசை கிடையாது. விண்ணப்பம் போட்டுத் தேர்வாக வேண்டும். ஹேல் தலைவரானபோது வயது 72. நம் சட்டப்படி அவர் ஏழு ஆண்டுகளுக்கு முன்பே வீட்டுக்குப் போயிருப்பார்.

இங்கே தலைமை நீதிபதி நாற்காலிக்கு வரிசையில் நிற்கும் முதல் பெண் பி.வி. நாகரத்னா. மரபு மாறாவிட்டால் 2027 செப்டம்பரில் பொறுப்பேற்பார், 36 நாட்களுக்கு மட்டும். அவருடைய தந்தை வெங்கடராமையா தலைமை நீதிபதியாக இருந்த காலத்தில்தான் ஃபாத்திமா பீவி உச்ச நீதிமன்றத்துக்கு வந்தார். அந்த ஃபாத்திமா பீவியும் உயர் நீதிமன்றத்தில் 62 வயதில் ஓய்வுபெற்று, சில மாதம் கழித்துத்தான் டெல்லிக்கு அழைக்கப்பட்டவர். மிஞ்சியது இரண்டரை ஆண்டு.

சித்தூர், திருப்பதிப் பெண்ணுக்கு என்ன வழி? 1954 வரை இந்தப் பக்கத்து அப்பீல்கள் சென்னைக்குப் போயின. பிறகு குண்டூர், ஹைதராபாத், 2019 முதல் அமராவதி. ஊர் மாறினாலும் முக்கிய வழி இரண்டுதான். ஜூனியர் சிவில் நீதிபதி தேர்வு எழுதிப் படிப்படியாக ஏறுவது முதல் வழி. இதில் நுழையவே மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லிவிட்டது. ஏறி முடிவதற்குள் ஐம்பது தாண்டிவிடும் என்பது சர்வீஸில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்வது. உயர் நீதிமன்ற இடங்களில் மூன்றில் ஒரு பங்குதான் மரபுப்படி சர்வீஸ்காரர்களுக்கு, மீதி வழக்கறிஞர்களுக்கு. லலித்தைப் போல வழக்கறிஞராகவே இருந்து மேலே போவது இரண்டாம் வழி. அதற்கு உயர் நீதிமன்றம் இருக்கும் ஊரிலேயே பெயர் எடுத்தாக வேண்டும். திருமணம், குழந்தை, வீட்டுப் பெரியவர்கள் என்று எல்லாம் ஒன்றாக வந்து சேரும் வயதில் சித்தூரை விட்டு அமராவதியில் அறை எடுத்துத் தங்கி வழக்கு தேடுவது எத்தனை பெண்களால் முடியும்?

இரண்டுக்கும் நடுவே குறுக்கு வழி ஒன்று உண்டு: மாவட்ட நீதிபதிக்கான நேரடித் தேர்வு. ஏழு ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் இருந்தால் எழுதலாம். பானுமதி ஏறிய படி அதுதான். ஆனால் 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு இந்தப் பதவிக்குக் குறைந்தபட்ச வயது 35 என்று நிர்ணயித்தது. இந்த விதி 1988இல் இருந்திருந்தால் பானுமதி விண்ணப்பமே போட்டிருக்க முடியாது.