பேட்டரி மேல் போட்ட பழி

மதுரை அண்ணா நகர் உழவர் சந்தைதான் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை. 1999 நவம்பர் 14-ல் தொடங்கியது. தரகர் இல்லாமல் நம்ம காயை நாமே விற்கலாம் என்பது அதன் பெருமை. ஆனால் அதற்கு நாம் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். போன தை மாதம் முழுக்க நான் போய்ச் சேரவில்லை.

சோழவந்தான் பக்கம் எங்கள் தோட்டம். பழைய டீசல் பிக்கப் ஒன்று வைத்திருக்கிறேன். என் காயோடு அக்கம்பக்கத்து நாலு தோட்டத்துக் காயும் அதில்தான் ஏறும். விடியற்காலை மூன்றரைக்குச் சாவியைத் திருப்பினால் "உர்... உர்..." என்று ரெண்டு முனகல், அப்புறம் சத்தமே இல்லை. டேஷ்போர்டு லைட் மங்கிவிடும். நானும் டிரைவர் தம்பியும் இன்னும் ரெண்டு பேரும் தள்ளுவோம். ஒருநாள் இருட்டில் தள்ளும்போது ஒருத்தர் கால் சக்கரத்துக்கு அடியில் போகப் பார்த்தது. அன்றைக்கு ஏழு மணிக்குத்தான் கிளம்பினோம். பக்கத்துத் தோட்டத்து அம்மாவின் அரைக்கீரை நாற்பது கட்டு, சாயங்காலம் மாட்டுக்குப் போனது. அவங்க ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் கீரையைச் சாக்கில் கட்டி முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை.

லைட் மங்கினால் பேட்டரி போச்சு என்று எல்லாரும் சொன்னார்கள். 6,500 ரூபாய்க்குப் புது பேட்டரி. நாலு நாள் நன்றாக ஓடி, திரும்பவும் முனகல். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ் மாற்றினோம், 2,800 ரூபாய். முனகல் போகவில்லை. டிரயல் பேலன்ஸ் ஒத்துவரவில்லை என்றால் எந்த கிளார்க்கும் கணக்கில் புதுசாக ஒரு தொகையைச் சேர்க்க மாட்டார், எங்கே விட்டோம் என்று வரவரியாகத் தேடுவார். முப்பத்திநாலு வருஷம் அதைத்தான் செய்தேன். சொந்த வண்டி என்றதும் மறந்துவிட்டது.

கடைசியில் பைபாஸ் ரோட்டில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் பாயிடம் போனேன். வண்டியைத் தொடுவதற்கு முன்னால் அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"இன்ஜின் மெதுவா சுத்துதா சார், இல்ல வேகமா சுத்தியும் பிடிக்கலயா?"

இந்த ஒரு கேள்வியில் பாதி வேலை முடிந்துவிடும் என்பது அப்புறம்தான் புரிந்தது. டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. உள்ளே வரும் காற்றை 16-ல் ஒரு பங்கு, 20-ல் ஒரு பங்கு என்று நெருக்குகிறது. அந்த நெருக்கத்தில் காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகி, டீசல் தானாகப் பற்றுகிறது. மெதுவாகச் சுற்றினால் காற்று பிஸ்டன் ஓரம் கசியும், சூடும் இரும்பில் இறங்கிவிடும். பிறகு டீசல் எவ்வளவு போனாலும் வெறும் புகைதான்.

வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் டீசல் பக்கம் பார்க்க வேண்டும். ராத்திரி நின்ற வண்டியில் ரப்பர் ஹோஸ் வெடிப்பு வழியாகக் காற்று புகுந்து, டீசல் டேங்குக்கே இறங்கியிருக்கும். கைபம்பை அமுக்கி, அது கெட்டியானபின் ஸ்டார்ட் ஆனால் சந்தேகமே வேண்டாம், காற்றுதான். ஃபில்டர் அடியில் தண்ணீர் நிற்கிறதா என்றும் திறந்து பார்க்கலாம். முன்னறை உள்ள பழைய இன்ஜினாக இருந்தால் ஹீட்டர் பிளக்கையும் பார்க்கணும், மதுரை வெயில் ஊர்தானே என்று விடக்கூடாது. ஆனால் காமன் ரெயில் வண்டியில் இன்ஜெக்டர் பைப்பை மட்டும் நாமாகத் தளர்த்தக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

என் வண்டி மெதுவாகச் சுற்றுகிற ரகம். பாய் மல்டிமீட்டரை எடுத்தார். சாவி போடாமல் பேட்டரியில் 12.6 வோல்ட், முழு சார்ஜ். தம்பியைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு மீட்டரையே பார்த்தார். 11.1. நல்ல பேட்டரி இந்த நேரத்தில் பத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. இது பதினொன்றுக்கு மேலேயே நிற்கிறது, லைட் மட்டும் மங்குகிறது!

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு சார். கரண்டு போற பாதையில எங்கயோ அடைப்பு."

மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸ் குமிழிலும், இன்னொன்றை இன்ஜின் இரும்பிலும் வைத்தார். சாவி திருப்பியபோது 2.4 வோல்ட் காட்டியது. அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது. பிறகு ஜம்பர் கேபிள் ஒன்றை மைனஸிலிருந்து நேராக இன்ஜின் பிளாக்கில் மாட்டிவிட்டு, "இப்ப அடி தம்பி" என்றார். ஒரே சுற்றில் பிடித்தது. 9,300 ரூபாய் கண்ணுக்கு முன்னால் வந்து போனது.

எர்த் கேபிள் சேஸிஸில் போல்ட் போடும் இடம், சரியாக லோடு பாடிக்கு அடியில். கழற்றினால் லக் உள்ளே செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது. பாய் மோந்து பார்த்து முகம் சுளித்தார்.

"என்ன சார், மாட்டு மூத்திர வாடை?"

ஜீவாமிர்தமும் கோமியமும் நான் டிரம்மில் ஏற்றுவது அந்த மூலையில்தான். பள்ளத்தில் விழும்போதெல்லாம் தளும்பி, பலகை இடுக்கு வழியாகச் சொட்டியிருக்கிறது. கோமியம் புளிக்கப் புளிக்க அம்மோனியா வரும். அது செம்பை அரிக்கும், கோமியத்தில் உள்ள உப்பு இரும்பை அரிக்கும். மண்ணுக்கு அமிர்தம், வண்டிக்கு அமிலம். பாதை இப்படி இருந்ததால் ஆல்டர்னேட்டரிலிருந்து சார்ஜும் முழுசாக ஏறியிருக்காது. தூக்கிப் போட்ட பழைய பேட்டரி பாவம்.

புதுக் கேபிள், லக், கூலி எல்லாம் சேர்த்து 450 ரூபாய். போல்ட் இடத்தை இரும்பு பளபளக்கும்வரை உப்புத்தாளில் தேய்த்து, இறுக்கியபின் மேலே கிரீஸ் பூசினார். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். ஸ்பானர் எங்காவது பட்டாலும் பொறி பறக்காது.

நம்மில் பலர் பிக்கப்பிலும் டிராக்டர் டிரெய்லரிலும் கோமியம், பஞ்சகவ்யா, மீன் அமிலம் ஏற்றுகிறோம். ஒருதடவை அடியில் குனிந்து பாருங்க. நான் இப்போது டிரம்மை பின் ஓரத்துக்கு மாற்றி, அடியில் பிளாஸ்டிக் தொட்டி வைத்திருக்கிறேன். இறக்கினதும் அடிப்பக்கம் தண்ணீர் அடிக்கிறோம். மல்டிமீட்டர் ஒன்றும் வாங்கினேன், 400 ரூபாய்.

வண்டி சரியாகி இருபது நாளுக்கு மேல் ஆகிறது. முந்தாநாள் மூன்றரைக்கு அந்த அம்மா வரப்பில் நின்று, வண்டி பிடித்த சத்தம் கேட்டபின்தான் தலைச்சுமையோடு நடக்க ஆரம்பித்தார்கள். "இன்னைக்கு இருபது கட்டுதான் சார் கொண்டாந்தேன்" என்றார்கள். மீதி இருபது பஸ்ஸுக்காகத் திண்ணையில் இருந்தது.