தையற்பொறியும் மிதிவண்டியும்

பழம்பொருள்களைப் பேணுவோர் பலரிடம் மிதிவண்டியும் தையற்பொறியும் ஒருசேர இடம்பெற்றிருக்கக் காணலாம். ஒன்று தெருவில் ஓடுவது. மற்றொன்று வீட்டின் மூலையில் நிற்பது. இவ்விரண்டின்பாலும் ஒரே மனம் ஈடுபடுவதற்குக் காரணம் யாது? இவற்றின் பிறப்பு வரலாறே அதற்கு விடை பகரும்.

இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில், தையற்பொறி செய்யும் நிறுவனத்தில் தலைமைக் கம்மியராக விளங்கியவர் ஜேம்ஸ் ஸ்டார்லி. 1868இல் பாரிசிலிருந்து மிதிவண்டி ஒன்று அங்குக் கொண்டுவரப்பட்டது. மறு ஆண்டே அந்நிறுவனம் பெயரை மாற்றிக்கொண்டு மிதிவண்டித் தொழிலில் இறங்கியது. ஸ்டார்லியின் உடன்பிறந்தார் மகனான ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885இல் உருவாக்கிய ‘ரோவர்’ வண்டியே இன்றைய மிதிவண்டிக்கு முன்மாதிரியாகும். ஜெர்மனியில் 1862இல் தையற்பொறி செய்யத் தொடங்கிய ஆதாம் ஓப்பெலின் நிறுவனமும் 1886இல் மிதிவண்டி செய்யலாயிற்று. நுண்ணிய உறுப்புகளை அளவு பிசகாது கடைந்து பழகிய கைகளுக்கு இம்மாற்றம் இயல்பாக அமைந்தது.

ஆதலின் இரண்டிற்கும் பொதுப்பண்புகள் உள. இரண்டும் மிதியால் இயங்குவன. காலின் அசைவை ஒன்றில் சங்கிலியும் மற்றொன்றில் தோல்வாரும் சக்கரத்திற்குக் கடத்துகின்றன. இயக்கம் முழுவதும் கண்முன் நிகழ்வதால், பழுது எங்குள்ளது என்பதைப் பயன்படுத்துவோரே அறியலாம். சிறிது எண்ணெயும் ஒரு திருப்புளியும் பெரும்பாலான குறைகளைத் தீர்த்துவிடும்.

கல்கத்தாவில் 1930களில் உருவான உஷா தையற்பொறியும், 1949இல் சென்னையில் நிறுவப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் வண்டிகளும் தமிழகத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு வாழ்வளித்தன. கணவனை இழந்த பெண்ணுக்குத் தையற்பொறியும், ஊர்தோறும் துணி விற்றவருக்கு மிதிவண்டியும் பிறர் கையை எதிர்பாராத வாழ்வைத் தந்தன.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்தார்கள். காலணியைத் தாமே செப்பனிட்டார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். செப்பனிடுதல் இழிதொழிலன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் இன்று இப்பொறிகள் பழைய இரும்பாக எடைக்குச் செல்கின்றன. அல்லது வரவேற்பறையில் அழகுப்பொருளாக அசையாது நிற்கின்றன. அவற்றுடன் ஒரு கைத்திறனும் மறைகின்றது. சக்கரத்தின் வளைவை நேராக்குவதை மிதிவண்டிக் கடைக்காரர் ‘கோட்டம் எடுத்தல்’ என்பார். வளைவைக் குறிக்கும் அப்பழந்தமிழ்ச் சொல்லை ஏட்டிற்கு வெளியே வாழவைத்தவர் அவரே. மாணவர்கள் அத்தகைய கடைகளை நாடிச் சென்று, தொழிலையும் சொற்களையும் கேட்டெழுதி வைத்தல் வேண்டும். முதியோர் இருக்கும்போதே அதனைச் செய்தல் நலம்.