தானியத்தில் ஒட்டிய மருந்தை மின்சாரம் நீக்குமா?



வயலில் அடித்த பூச்சிமருந்தும், வண்டு வராமலிருக்கக் கிடங்கில் அடித்த மருந்தும் கொஞ்சம் தானியத்திலேயே தங்கிவிடும். பெரும்பாலும் மேல்தோலிலும் தவிட்டிலும்தான் ஒட்டியிருக்கும். கழுவினால் ஒரு பகுதிதான் போகும்.

மீதியையும் நீக்க ‘பிளாஸ்மா’ என்ற முறையை விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகிறார்கள். மின்னல் வெட்டும்போது நடப்பதுபோல, கருவிக்குள் இருக்கும் காற்றில் உயர் அழுத்த மின்சாரத்தைப் பாய்ச்சுகிறார்கள். அப்போது ஓசோன் போன்றவை உண்டாகி, மருந்தை உடைத்துச் சிதைக்கின்றன. தானியம் அதிகம் சூடாவதில்லை. ஆனால் மேற்பரப்பில்தான் இது நன்றாக வேலை செய்யும். உடைந்த பொருளால் தீங்கு இல்லையா என்பதையும் பார்க்க வேண்டும். நம்மூர் ரைஸ்மில்லுக்கு இது இன்னும் வரவில்லை.

அதுவரை நாம் செய்யக்கூடியவை:

1. அரிசி, பருப்பை இரண்டு மூன்று தடவை நல்லா கழுவுங்க. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிடுங்க.

2. சேமிக்கிற தானியத்தில் மருந்துப் பொடி கலக்காதீங்க. கடித்தால் ‘நறுக்’கென்று உடையும்வரை வெயிலில் காயவைத்து, ஆறியபின் காய்ந்த வேப்பிலை போட்டு இறுக்கி மூடி வையுங்க.

3. கடையில் தரும் வண்டு மாத்திரையை வீட்டுக்குள் வைக்கவே கூடாது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையிலிருந்து வரும் வாயு, மூடிய அறையில் தூங்குபவர்களின் உயிரையே பறித்துவிடும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்க. வீட்டில் மாத்திரை வைத்திருக்கிறவங்க யாருன்னு கேட்டு, அவங்களுக்கு எடுத்துச் சொல்லுங்க.