26 அங்குலத் துளை

ஓய்வு பெற்ற ரயில்வேக்காரனுக்கு இரண்டு வியாதிகள் உண்டு. எந்த வண்டி எத்தனை மணி தாமதம் என்று தினமும் பார்ப்பது ஒன்று. வீட்டில் நன்றாக இருக்கும் பொருளைக் கழற்றிப் பார்ப்பது இன்னொன்று. இரண்டாவது வியாதியால் அடியேன் பட்ட பாட்டை இங்கே எழுதுகிறேன். மரவேலையில் ஆசையுள்ள அன்பர்கள் யாருக்காவது பயன்படலாம்.

ஆடுதுறைக்கு அருகே இருந்த எங்கள் பூர்வீக வீட்டை 2019-ல் விற்றோம். வாங்கியவர் இடித்துவிட்டு மாடி வீடு கட்டினார். திண்ணைத் தூண்களில் ஒன்றை என் தம்பி கேட்டு வாங்கி, ஒரு துண்டாக அறுத்து, கோணியில் சுற்றி, தில்லிக்கு வந்த உறவினர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினான். 26 அங்குல நீளம், மூன்றேகால் அங்குலச் சதுரம், நல்ல தேக்கு. அப்பா சாய்ந்து உட்கார்ந்து பேப்பர் படித்த தூண். மூன்று வருஷம் பரண்மேல் கிடந்தது. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு என் மனைவிக்கு நாற்காலிக்குப் பக்கத்தில் படிப்பதற்கு ஒரு விளக்கு வேண்டியிருந்தது. "அந்தத் தூணையே விளக்காப் பண்ணுங்களேன், மேலே கிடந்து என்ன பிரயோஜனம்?" என்றாள்.

விளக்குத் தண்டு என்றால் ஒயர் அடியிலிருந்து உச்சி வரை உள்ளே போகவேண்டும். அதாவது 26 அங்குல நீளத்துக்கு எட்டு மில்லிமீட்டர் துளை. மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவன், டீசல் ஷெட்டில் தலை நரைத்தவன், இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். நல்லவேளை, தூணில் கை வைக்கவில்லை. கீர்த்தி நகர் மர மார்க்கெட்டில் இரண்டு அங்குலச் சதுரத்தில் ஒரு தேக்குச் சட்டம் வாங்கினேன். சாவ்ரி பஜாரில் நீண்ட டிரில் பிட் ஒன்று கிடைத்தது. கை டிரில்லில் மாட்டி, மேல் முனையின் மையத்தில் வைத்து அழுத்தினேன். பதினைந்தாவது அங்குலத்தில் பிட்டின் மூக்கு சட்டத்தின் பக்கவாட்டில் வெளியே எட்டிப் பார்த்தது. "இதுதான் ஜன்னலா?" என்றாள் மனைவி.

அப்போதுதான் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு முனையில் பிடித்த கம்பியைப் பக்கத்திலிருந்து தள்ளினால், நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்காகும். விட்டம் பாதியானால் வளைவு பதினாறு மடங்காகும். எட்டு மில்லிமீட்டர் பிட் ஒரு சாண் வரை இரும்பு, அதற்கு மேல் கிட்டத்தட்ட விளக்குமாற்றுக் குச்சி. மரமும் இரும்பு மாதிரி ஒரே சீராக இருப்பதில்லை. ஒரு வருஷத்து வளையத்துக்குள்ளேயே இளகிய பகுதியும் இறுகிய பகுதியும் உண்டு. பிட் இறுகியதை விட்டு இளகியதில் நழுவும். ஒரு முறை நழுவிவிட்டால் அதுவரை போட்ட துளையே அதற்குத் தண்டவாளம். போகப் போகத் தப்பு பெருகும். போதாக்குறைக்கு மரத்தூள் உள்ளே அடைத்துக்கொண்டு சூடேறுகிறது.

சின்ன வயதில் பார்த்த ஒரு காட்சி அன்று இரவு நினைவுக்கு வந்தது. ஆடுதுறைக்குப் பக்கத்து ஊர் நரசிங்கம்பேட்டை. நாகஸ்வரம் செய்வதற்குப் பெயர் போன ஊர். அங்கே செய்யும் நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கு அந்த ஊர் ரங்கநாதன் ஆசாரி பாரி நாயனம் செய்து கொடுத்த கதையைத் தஞ்சாவூர்க்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நாகஸ்வரத்தின் உடலுக்கு உலவு என்று பெயர். ஆச்சா மரத்தில் செய்வார்கள். அதுவும் பழைய வீடுகளை இடித்து எடுத்த மரமாகத் தேடுவார்கள். பல காலம் காய்ந்த மரம் எளிதில் முறுக்கிக்கொள்ளாது, வெடிக்காது.

மாமாவோடு போயிருந்தபோது ஒரு பட்டறையில் ஒருவர் கயிற்றை முன்னும் பின்னும் இழுக்க, மரம் சுழன்றது. ஆசாரி கருவியை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார். நாகஸ்வரத்தின் உள்துளை மேலே குறுகி, கீழே போகப் போக விரியும் கூம்பு. முதலில் சிறு துளை, பிறகு ஒன்றைவிட ஒன்று பெரிய கருவிகளால் உள்ளே துருவவேண்டும். அதில் ஒரு நூல் பிசகினாலும் ஸ்வரம் பேசாது. எனக்கு வேண்டியதோ ஒரு ஒயர் போக வழி. ஆனாலும் சூட்சுமம் ஒன்றுதான்: கருவியைச் சுற்றாதே, மரத்தைச் சுற்று.

மரம் சுழன்றால், பிட்டை ஓரத்துக்குத் தள்ளும் இறுகிய பகுதியும் கூடவே சுழல்கிறது. ஒரு கணம் இடப்பக்கம் தள்ளியது அடுத்த கணம் வலப்பக்கம் தள்ளும். தப்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, பிட் சுழலும் அச்சிலேயே நிற்கப் பார்க்கும். துப்பாக்கிக் குழல் துளைப்பதிலும் குழலைச் சுழற்றிக் கருவியை நிறுத்திவைக்கும் முறை வெகு காலமாக இருப்பது இதனால்தான்.

கீர்த்தி நகரில் கடைசல்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். இங்கே கராதி என்பார்கள். மேஜைக் கால் கடைபவர், அறுபது தாண்டியவர். நான் தாளில் வரைந்ததை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தூணைத் தடவிப் பார்த்துவிட்டு, "பாபுஜி, பழைய வீட்டு மரமா?" என்று கேட்டுக் காந்தம் ஒன்றை எடுத்தார். நான்கு பக்கமும் நகர்த்தினார். ஓரிடத்தில் ஒட்டியது. உள்ளே தலை ஒடிந்த ஆணி! எப்போதோ தீபாவளித் தோரணத்துக்கு நானே அடித்ததாகக்கூட இருக்கலாம். அதை நோண்டி எடுக்கவே அரை மணி ஆயிற்று.

பிறகு தூணை லேத்தில் மாட்டினார். எதிர் முனையில் வழக்கமான கூர் ஊசிக்குப் பதிலாக நடுவில் ஓட்டையுள்ள குழாயைப் பொருத்தினார். மரத்தைத் தாங்குவதும் அதுதான், கம்பிக்கு வழிகாட்டுவதும் அதுதான். அவருடைய கம்பி டிரில் பிட் மாதிரி முறுக்கியதல்ல. நுனியில் கரண்டி போல ஒரு பக்கம் குழிந்து, ஒரே ஒரு வெட்டு விளிம்போடு இருந்தது. மெதுவான சுழற்சி. ஓர் அங்குலம் உள்ளே, உடனே முழுதாக வெளியே, தூளைத் தட்டு, மறுபடி உள்ளே. எனக்குப் பொறுமை போய், "கொஞ்சம் வேகமா விடலாமே" என்றேன். அவர் லேத்தை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை.

பதின்மூன்று அங்குலம் ஆனதும் மரத்தைத் திருப்பிப் போட்டு மறுமுனையிலிருந்து ஆரம்பித்தார். இரண்டு துளையும் நடுவில் சந்திக்கவேண்டும். ஒரு முனையிலிருந்தே 26 அங்குலம் போவதைவிடப் பாதிப் பாதியாகப் போனால் பிசகு மிகவும் குறையும், மேலே சொன்ன எட்டு மடங்குக் கணக்கை நினைத்துப் பாருங்கள். கடைசி அரை அங்குலத்தில் எனக்கு உள்ளங்கை வியர்த்தது. கெட்டுப்போனால் இன்னொரு தூண் கிடையாது. 'டக்'கென்று ஒரு சத்தம், கம்பி சட்டென்று முன்னே போயிற்று. அவர் மரத்தைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். முழு வட்டமாகத் தெரியவில்லை. நடுவில் ஒரு மில்லிமீட்டர் போலப் பிசகி, மூன்றாம் பிறைக்குக் கொஞ்சம் பெரிய நிழல் ஒன்று ஓரத்தில் இருந்தது. நரசிங்கம்பேட்டையில் தள்ளுபடி ஆகியிருக்கும். ஒயருக்குத் தாராளம்.

வெளிப்பக்கம் கடைந்தது அதற்கப்புறம்தான். இரு முனைத் துளையிலும் கூம்பு முளைகளைச் செருகி, அந்த முளைகளையே மையமாக வைத்து லேத்தில் மாட்டினார். அதாவது, தண்டுக்கு நடுவில் துளை போடவில்லை, துளையைச் சுற்றித் தண்டைக் கடைந்தார். நான் வீட்டில் நேர்மாறாக நினைத்திருந்தேன். அழகாகக் கடைந்துவிட்டு அப்புறம் துளைக்கப் போனால், துளை எங்கே போனாலும் அது தப்புத்தான்.

மரத்தை நெடுக இரண்டாக அறுத்து, காடி எடுத்து, திரும்ப ஒட்டுகிற சுலப வழியும் உண்டு. ஒன்றும் கேவலமில்லை, நன்றாகவே நிற்கும். அப்பாவின் தூணை இரண்டாகப் பிளக்க எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஹோல்டர், பித்தளை மரைக்குழாய், மூன்று கம்பி ஒயர் எல்லாம் பாகீரத் பேலஸில் வாங்கினேன். செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: துளையின் இரண்டு வாயையும் உப்புத்தாளால் மழுக்காமல் ஒயரை இழுக்காதீர்கள், தோல் உரியும். உலோக ஹோல்டர் என்றால் எர்த் கம்பியை விட்டுவிடாதீர்கள்.

ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு போட்டிருக்கிறோம். முதல் மே மாதத்து லூ காற்றில் அடிப்பக்கம் மயிரிழை போல ஒரு வெடிப்பு விட்டது. மெழுகு வைத்து அடைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஜூலை மழையில் தானாகவே மூடிக்கொண்டது. இந்த வருஷமும் மே மாதம் திறந்தது.