ஆடியற்ற ஒளிப்படக்கருவியும் தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர் கருவியும்

ஆடியற்ற ஒளிப்படக்கருவி என்பது, வில்லையைக் கழற்றி மாற்றக்கூடியதும், உள்ளே எதிரொளிப்பு ஆடி இல்லாததுமான எண்ணிம ஒளிப்படக்கருவி ஆகும். இது மிரர்லெஸ் கேமரா என்ற பெயரில் பரவலாக அறியப்படுகின்றது. இதற்கு முன்பிருந்தே வழக்கிலுள்ள எண்ணிம ஒற்றை வில்லை எதிரொளிப்புக் கருவி, டி.எஸ்.எல்.ஆர் எனச் சுருக்கமாக அழைக்கப்படுகின்றது.

மாணவர்களும் சிறிய ஊர்களின் ஒளிப்பட நிலையத்தினரும் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர் கருவிகள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. அவற்றைக் கைவிட்டு ஆடியற்ற கருவியை வாங்கினால் படம் மேம்படுமா என்பது பலருக்கு எழும் வினாவாகும். ஆடியை நீக்குவதால் மட்டும் படத்தின் தரம் உயர்வதில்லை. காட்சியைப் பார்க்கும் முறை, குவியப்படுத்தும் முறை, நிகழ்படம் எடுக்கும் முறை ஆகியனவே முதன்மையாக மாறுகின்றன. இம்மாற்றங்கள் ஒருவருக்குப் பயன்படுமா என்பது அவர் எதை, எங்கே படம் எடுக்கிறார் என்பதைப் பொறுத்தது.

அமைப்பும் இயங்குமுறையும்

டி.எஸ்.எல்.ஆர் கருவியில் வில்லைக்குப் பின்னால் ஏறத்தாழ 45 பாகை சாய்வில் ஓர் ஆடி உள்ளது. வில்லை வழியாக வரும் ஒளியை இது மேல்நோக்கித் திருப்புகின்றது. அவ்வொளி ஐம்பட்டகம் ஒன்றினூடாகவோ அல்லது பல ஆடிகளின் தொகுதியினூடாகவோ சென்று, கண்வைத்துப் பார்க்கும் வியூபைண்டரை அடைகின்றது. விலை குறைந்த கருவிகளில் பெரும்பாலும் ஆடித் தொகுதியே பயன்படுத்தப்படுகின்றது. பொத்தானை அழுத்தியதும் ஆடி மேலே உயர்கின்றது. ஷட்டர் திறந்து மூடுகின்றது. உணரியில் படம் பதிகின்றது. பின்னர் ஆடி கீழே இறங்குகின்றது. ஆடி உயர்ந்திருக்கும் கணத்தில் வியூபைண்டர் இருண்டுவிடும். படம் எடுக்கும்போது கேட்கும் ஒலியில் பெரும்பகுதி ஆடியின் அசைவினால் உண்டாவதாகும்.

ஆடியற்ற கருவியில் ஒளி நேரடியாக உணரியின்மீது விழுகின்றது. உணரி இடைவிடாது காட்சியைப் படித்து, பின்புறத் திரைக்கோ மின்னணு வியூபைண்டருக்கோ அனுப்புகின்றது. எனவே, டி.எஸ்.எல்.ஆர் கருவியில் காண்பது நேரடி ஒளி. ஆடியற்ற கருவியில் காண்பது உணரி உருவாக்கிய படம். இவ்விரு வகைகளுக்கும் இடையிலான ஏனைய வேறுபாடுகள் பலவும் இதிலிருந்தே தோன்றுகின்றன.

ஆடி அசைவதற்கு இடம் தேவைப்படுவதால், டி.எஸ்.எல்.ஆர் கருவியில் வில்லை பொருத்தும் வளையத்திற்கும் உணரிக்கும் இடையே அதிக தூரம் விடப்படுகின்றது. நிக்கான் எஃப் பிணைப்பில் இது 46.5 மி.மீ., கேனான் ஈ.எஃப் பிணைப்பில் 44 மி.மீ. ஆகும். ஆடியற்ற கருவிகளுக்கான நிக்கான் இசட் பிணைப்பில் இது 16 மி.மீ. ஆகவும், சோனி ஈ பிணைப்பில் 18 மி.மீ. ஆகவும், கேனான் ஆர்.எஃப் பிணைப்பில் 20 மி.மீ. ஆகவும் குறைந்துள்ளது.

வரலாறு

1991 ஆம் ஆண்டில் கோடாக் நிறுவனம், நிக்கான் எஃப்3 கருவியை அடிப்படையாகக் கொண்டு 1.3 மெகாபிக்சல் கொண்ட டி.சி.எஸ் கருவியை வெளியிட்டது. 1999 இல் நிக்கான் டி1 வெளிவந்தது. இவை தொழில்முறை ஒளிப்படக்காரர்களுக்கானவை. 2003 இல் 6.3 மெகாபிக்சல் கொண்ட கேனான் ஈ.ஓ.எஸ் 300டி, 1,000 அமெரிக்க டாலருக்கும் குறைந்த விலையில் வெளிவந்தது. இதன் பின்னரே டி.எஸ்.எல்.ஆர் பொதுமக்களுக்கு எட்டக்கூடிய கருவியாயிற்று. 2006 இல் நிக்கான் டி40 வெளியானது.

2008 இல் பானாசோனிக் நிறுவனம் வெளியிட்ட லூமிக்ஸ் ஜி1, தானியங்கு குவியமும் மின்னணு வியூபைண்டரும் கொண்ட முன்னோடியான ஆடியற்ற கருவியாகும். 2013 இல் சோனி ஏ7, 36 x 24 மி.மீ. அளவுள்ள முழுச்சட்ட உணரியை ஆடியற்ற கருவிகளில் பரவலாக்கியது. டி.எஸ்.எல்.ஆர் சந்தையில் முன்னணியில் இருந்த நிக்கானும் கேனானும் முறையே இசட், ஆர்.எஃப் பிணைப்புகளை 2018 இல் அறிமுகப்படுத்தின. 2020 இல் உலகளாவிய அனுப்புகையில் ஆடியற்ற கருவிகளின் எண்ணிக்கை டி.எஸ்.எல்.ஆர் கருவிகளை முந்தியது.

இரு கருவிகளின் ஒப்பீடு

ஒரே நிறுவனத்தின், ஏறத்தாழ ஒரே அளவு உணரி கொண்ட இரு கருவிகளை எடுத்துக்கொண்டால் வேறுபாடு தெளிவாகும். 2018 இல் வெளியான நிக்கான் டி3500 தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர் ஆகும். 2019 இல் வெளியான நிக்கான் இசட்50 ஆடியற்ற கருவியாகும். இது தொடக்கநிலைக்குச் சற்று மேம்பட்டது.

- உணரி: டி3500 - 24.2 மெகாபிக்சல், இசட்50 - 20.9 மெகாபிக்சல்
- மின்கலம், நினைவக அட்டையுடன் எடை: டி3500 - 415 கிராம், இசட்50 - 450 கிராம்
- தடிமன்: டி3500 - 69.5 மி.மீ.; இசட்50 - 60 மி.மீ.
- குவியப் புள்ளிகள்: டி3500 - 11, இசட்50 - 209
- தொடர் படங்கள்: டி3500 - நொடிக்கு 5, இசட்50 - நொடிக்கு 11
- நிகழ்படம்: டி3500 - முழு எச்.டி.; இசட்50 - 4கே
- வியூபைண்டரில் தெரியும் பரப்பு: டி3500 - 95 விழுக்காடு; இசட்50 - 100 விழுக்காடு
- ஒரு மின்னேற்றத்தில் எடுக்கக்கூடிய படங்கள்: டி3500 - 1,550, இசட்50 - ஏறத்தாழ 320
- பின்புறத் திரை: டி3500 - நிலையானது, இசட்50 - சாய்க்கக்கூடியது

படத்தின் தரம்

படத்தின் தரத்தை உணரியின் பரப்பும் அதன் தலைமுறையும், வில்லையின் தரமும், அனைத்துக்கும் மேலாக ஒளியும் தீர்மானிக்கின்றன. மேற்கண்ட இரு கருவிகளிலும் உணரியின் அளவு ஏறத்தாழ 23.5 x 15.7 மி.மீ. ஆகும். நல்ல வெளிச்சத்தில், அசையாத பொருளை, இணையான வில்லைகளைக் கொண்டு எடுத்தால், இரு படங்களையும் பிரித்தறிவது கடினம். 6 மெகாபிக்சல் கொண்ட மிகப் பழைய டி.எஸ்.எல்.ஆர் கருவியுடன் ஒப்பிடும்போது மங்கிய ஒளியில் வேறுபாடு நன்கு தெரியும். ஆனால் அது உணரித் தொழில்நுட்பத்தின் வளர்ச்சியே அன்றி, ஆடி இல்லாமையின் விளைவன்று.

தானியங்கு குவியம்

டி.எஸ்.எல்.ஆர் கருவியின் முதன்மை ஆடியில் ஒரு பகுதி ஒளியை ஊடுருவ விடுகின்றது. அவ்வொளி அதன் பின்னாலுள்ள சிறிய ஆடியில் பட்டு, கருவியின் அடியிலுள்ள தனிக் குவிய உணரிக்குச் செல்கின்றது. இது விரைவான முறை. எனினும், குவியத்தை அளக்கும் ஒளிப்பாதையும் படம் பதியும் ஒளிப்பாதையும் வெவ்வேறானவை. இவற்றுக்கிடையே நுண்ணிய பிழை இருந்தால், கண்ணில் வைத்த குவியம் காதிலோ மூக்கிலோ விழும். உயர்நிலைக் கருவிகள் பலவற்றில் இதைச் சீர்செய்யும் வசதி உண்டு. தொடக்கநிலைக் கருவிகளில் பொதுவாக இல்லை. மேலும், குவியப் புள்ளிகள் சட்டத்தின் நடுப்பகுதியிலேயே குழுமியிருக்கும்.

ஆடியற்ற கருவியில் படம் பதியும் உணரியே குவியத்தையும் அளப்பதால் இப்பிழைக்கு இடமில்லை. தொடக்ககால ஆடியற்ற கருவிகள் படத்தின் கூர்மையை மட்டும் ஒப்பிட்டுக் குவியப்படுத்தியதால் நகரும் பொருட்களைத் தொடர்வதில் பின்தங்கின. 2011 இல் வெளியான நிக்கான் 1 வரிசை, உணரியின்மீதே கட்ட வேறுபாட்டு முறையைக் கொண்டுவந்தது. முகத்தையும் கண்ணையும் அடையாளம் கண்டு தொடரும் வசதி பின்னர் பரவலானது. ஓடும் குழந்தைகளையும் நடனத்தையும் படம் எடுப்போருக்கு, பழைய கருவியிலிருந்து மாறுவதால் கிடைக்கும் மிகப்பெரிய பயன் இதுவே எனலாம்.

வில்லைகளும் எடையும்

ஆடியற்ற கருவி எப்போதும் எடை குறைந்தது என்ற கருத்து முழுமையாகச் சரியன்று. டி3500 கருவியை 205 கிராம் எடையுள்ள 18-55 மி.மீ. வில்லையுடன் சேர்த்தால் மொத்தம் 620 கிராம். இசட்50 கருவியை 135 கிராம் எடையுள்ள 16-50 மி.மீ. வில்லையுடன் சேர்த்தால் 585 கிராம். வேறுபாடு 35 கிராம் மட்டுமே.

பழைய வில்லையைப் புதிய கருவியில் பயன்படுத்த அடாப்டர் தேவை. 2018 இல் வெளியான நிக்கான் எஃப்.டி.இசட் அடாப்டரின் எடை 135 கிராம். பழைய 18-55 மி.மீ. வில்லையை இதன்வழியே இசட்50 கருவியில் பொருத்தினால் மொத்த எடை 790 கிராம் ஆகின்றது. அதாவது பழைய கருவியைவிட 170 கிராம் கூடுகின்றது. அத்துடன், கருவியின் உள்மோட்டாரால் இயங்கும் பழைய வில்லைகளுக்கு இந்த அடாப்டரில் தானியங்கு குவியம் கிடைக்காது. ஆகவே, மாற்றத்தின் உண்மையான செலவைக் கணக்கிடும்போது கருவியின் விலையுடன் வில்லைகள், அடாப்டர், கூடுதல் மின்கலங்கள் ஆகியவற்றின் விலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கடலோர ஊர் ஒன்றில் பயன்பாடு

மேற்கூறிய வேறுபாடுகளுள் எது முதன்மை பெறும் என்பது இடத்திற்கேற்ப மாறும். புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் காரைக்கால் மாவட்டத்தில், காவிரி டெல்டாவின் கடற்கரையை ஒட்டியுள்ள வரிச்சிக்குடியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

திருவிழா: காரைக்காலில் ஆனித் திங்களில் காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழா நடைபெறுகின்றது. பிட்சாடனர் ஊர்வலத்தின்போது மக்கள் மாங்கனிகளை வீசுவர். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்லும் கனி, 1/250 நொடியில் 4 செ.மீ. நகர்கின்றது, 1/1000 நொடியில் 1 செ.மீ. மட்டுமே நகர்கின்றது. எனவே கனியைத் தெளிவாகப் பதிய 1/1000 நொடி தேவை. இவ்வேகம் இரு கருவிகளிலும் உண்டு. ஆனால் கூட்டத்தில் கருவியைத் தலைக்குமேல் உயர்த்தித் திரையைப் பார்த்து எடுக்க வேண்டிய நிலையில், நிலையான திரையும் திரைவழிப் படமெடுப்பில் மந்தமான குவியமும் கொண்ட பழைய கருவி திணறும். சாய்க்கும் திரையுடைய ஆடியற்ற கருவி இங்கு கைகொடுக்கும்.

கதிரவ உதயம்: கிழக்குக் கடற்கரையில் கடலின்மேல் எழும் கதிரவனைப் பலரும் படம் எடுப்பர். கதிரவன் உயர்ந்து ஒளி மிகுந்தபின், தொலைநோக்கு வில்லை பொருத்திய டி.எஸ்.எல்.ஆர் கருவியின் வியூபைண்டர் வழியே அதைப் பார்ப்பது விழித்திரைக்குக் கேடானது. மின்னணு வியூபைண்டரில் கண்ணுக்கு இத்தீங்கு இல்லையெனினும், வில்லையைக் கதிரவனை நோக்கி நெடுநேரம் வைத்திருந்தால் உணரி பழுதாகலாம். 2019 டிசம்பர் 26 அன்று தமிழ்நாட்டில் தெரிந்தது போன்ற கதிரவ மறைப்புகளை எடுக்க, இரு வகைக் கருவிகளிலும் வில்லையின் முன்புறத்தில் அதற்கென உள்ள வடிப்பான் கட்டாயம் தேவை.

திருமண மண்டபம்: இந்தியாவில் மின்னோட்டம் 50 ஏர்ட்சு ஆதலால், பல விளக்குகள் நொடிக்கு 100 முறை ஒளி கூடிக் குறைகின்றன. ஆடியற்ற கருவியின் ஓசையற்ற மின்னணு ஷட்டர் உணரியை வரிவரியாகப் படிப்பதால், இத்தகைய விளக்குகளின்கீழ் படத்தில் பட்டைகள் தோன்றலாம். இயந்திர ஷட்டருக்கு மாறி 1/100 அல்லது 1/50 நொடியைத் தெரிவுசெய்தால் இக்குறை பெரும்பாலும் நீங்கும்.

உப்புக்காற்றும் ஈரமும்: வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஈரப்பதம் மிகுவதால் வில்லைகளில் பூஞ்சை படரக்கூடும். இது இரு வகைக்கும் பொதுவானது. காற்றுப்புகாப் பெட்டியில் சிலிக்கா கூழ்மப் பொதிகளுடன் வைப்பதும், கடற்கரையிலிருந்து திரும்பியதும் சற்றே நனைத்த மென்துணியால் கருவியின் வெளிப்புறத்தைத் துடைத்து உலர்த்துவதும் நலம். ஆடியற்ற கருவிகள் பலவற்றில் வில்லையைக் கழற்றியதும் உணரி வெளியே தெரியும்; ஆகையால் மணற்காற்றில் வில்லை மாற்றுவதைத் தவிர்க்க வேண்டும். டி.எஸ்.எல்.ஆர் கருவியில் ஆடியும் ஷட்டரும் உணரியை மறைத்திருக்கும்.

மின்கலம்: ஆடியற்ற கருவியில் உணரியும் திரையும் தொடர்ந்து இயங்குவதால் மின்செலவு அதிகம். 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பின் டெல்டாவின் பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. சேதங்களைப் பதிவுசெய்ய வேண்டிய அத்தகைய வேளையில், ஒரே மின்னேற்றத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களைத் தரும் கருவி பெரும் வலிமையாகும்.

தெரிவு செய்தல்

நிலக்காட்சி, கோயிற் கட்டடங்கள், உருவப்படம் போன்ற அசையாத அல்லது மெதுவாக அசையும் பொருட்களை எடுப்போருக்குப் பழைய தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர் இன்றும் போதுமானது. கையிலுள்ள பணத்தில் 35 அல்லது 50 மி.மீ. நிலைக்குவிய வில்லை ஒன்றை வாங்குவது, கருவியை மாற்றுவதைவிடக் கூடிய பயன் தரக்கூடும். இத்தகைய வில்லையின் அகன்ற துளை, மங்கிய ஒளியிலும் படம் எடுக்கத் துணைபுரியும்.

நிகழ்படம் எடுப்போருக்கும், விரைந்து நகர்வனவற்றை எடுப்போருக்கும், புதிதாகத் தொடங்குவோருக்கும் ஆடியற்ற கருவியே ஏற்றது. நிக்கானும் கேனானும் புதிய வில்லைகளை ஆடியற்ற பிணைப்புகளுக்கே வெளியிட்டு வருகின்றன. மாறாக, பயன்படுத்தப்பட்ட டி.எஸ்.எல்.ஆர் கருவிகளும் வில்லைகளும் குறைந்த விலையில் கிடைப்பது மாணவர்களுக்கு வாய்ப்பாகும். அவ்வாறு வாங்குவோர், வில்லையினுள் விளக்கொளியைச் செலுத்திப் பூஞ்சை உள்ளதா எனவும், ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியுள்ளது எனவும், பிணைப்பு வளையத்திலும் மின்முனைகளிலும் உப்பரிப்பு உள்ளதா எனவும் பார்த்தபின் வாங்குதல் வேண்டும்.