மூலைதான் முக்கியம்

பல்லடம் பக்கத்துக் கோயில் நோம்பிகளில் மரத்தில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கியில் குரல் கணீரென வரும். தவிலின் கனத்த அடி வராது. கனத்த ஒலிக்குப் பெரிய கூம்பு வேண்டும்; 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே சுமார் எட்டரை மீட்டர். அதற்கேற்ற கூம்பு வீட்டுக்குள் அடங்காது. 1940களில் அமெரிக்காவின் ஹோப் என்ற சிற்றூரில் பால் கிளிப்ஷ் என்பவர் கண்ட வழி எத்தனை அழகு! கூம்பை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். அறை மூலையின் இரு சுவர்களையே அதன் வாயாக்கினார். அந்த வகைப் பெட்டி வைப்பவர்கள் முதலில் மூலையைப் பாருங்கள். ஒட்டினாற்போல் கதவோ ஜன்னலோ இருந்தால் கனத்த ஒலி மெலிந்துவிடும். சுவரோடு இடைவெளியில்லாமல் பொருத்துங்கள். இரு மூலைகளிலும் பெட்டிகள் 45 டிகிரி திரும்பி நிற்கும். இரண்டும் பார்க்கும் இடத்தில் நாற்காலி போடுங்கள்.