தவளைக்கு எவ்வளவு பெரிய தொட்டி?

மழை விட்ட இரவில் நெகிரி செம்பிலான் தோட்டப்புறக் கால்வாய்களில் மாடு கத்துவதுபோல் ஒரு குரல் கேட்கும். பழுப்பு முதுகு, விலாவில் செம்பு நிறப் பட்டை. அறிவியல் பெயர் காலுலா புல்க்ரா. பெண் தவளை ஏழு செ.மீ.க்கு மேலும் வளரும். இதைச் செல்லமாக வளர்ப்பவர்கள் பலர், இரண்டு மூன்றைச் சிறு பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துவிடுகிறார்கள். அங்கேதான் தவறு.

தவளை வாயால் நீர் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சுகிறது. நெருக்கமான பெட்டியில் கழிவிலிருந்து எழும் அம்மோனியாவும் அதே தோல் வழியாக உள்ளே போய்க் கொன்றுவிடும்.

இவ்வகைத் தவளை இரண்டு மூன்று இருந்தால் 75 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம் வேண்டும். கணக்குப் போட்டால் சுமார் 67 லிட்டர். அதற்காக நீரை நிரப்பிவிடாதீர்கள்! ஆழமற்ற தட்டில் குளோரின் நீக்கிய நீர் போதும். உயரமான தொட்டிக்குக் காசு கொடுப்பதும் வீண். இது மண்ணில் புதைந்து வாழ்வது. தேங்காய் நார்த்தூளை 10 செ.மீ. ஆழத்துக்குப் பரப்புங்கள். களைக்கொல்லி தெளித்த தோட்ட மண் வேண்டவே வேண்டாம். மரத்தவளை என்றால் கணக்கு தலைகீழ்: அதற்கு உயரம்தான் முக்கியம்.

வகையும் அளவும் ஒத்தவற்றையே சேர்த்து வையுங்கள். பெரும்பாலான தவளைகளுக்கு வாய்க்குள் அடங்குவதெல்லாம் இரைதான், பக்கத்துத் தவளை உட்பட. காட்டிலிருந்து பிடிக்கும் எண்ணம் இருந்தால், முதலில் பெர்ஹிலித்தானிடம் கேளுங்கள்.